ஞாயிறு மட்டும், பன்னிரண்டு பக்கம்

ஜனவரி 13

தங்கச்சிக்கு,

பதினோராவது புத்தகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்திலிருந்து எட்டுப் பெட்டி இறக்கினார்கள். "எங்க சார் வைக்க?" என்று வண்டிக்காரர் கேட்டார். கட்டிலைக் காட்டினேன். இப்போது நான் தரையில் படுக்கிறேன்.

சந்தோஷமா என்று கேட்காதே. முதல் புத்தகம் வந்த அன்று நீயும் நானும் பெட்டியைப் பிரித்து முகர்ந்து பார்த்தோம். இந்த முறை கத்தியால் நாடாவைக் கிழித்தேன், எண்ணிப் பார்த்தேன், மறுபடி மூடினேன். ஒன்றைக்கூட விரித்துப் படிக்கவில்லை. படிக்கத் தோன்றவில்லை என்பதுதான் சரி. உன் பிரதி இத்துடன் வருகிறது.

மெய்ப்பு நானே பார்த்தேன். பத்துப் புத்தகத்துக்குப் பார்த்தவள் பதினோராவதுக்கு "ஞாயிறு மட்டும், பன்னிரண்டு பக்கம்" என்று சட்டம் போட்டால் வேறென்ன செய்வது? முந்நூற்று இருபது பக்கத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தேன். ஆறு மாதம் ஆகும். ஜனவரியில் புத்தகம் வரும் என்று வாசகர்களிடம் சொல்லியாகிவிட்டது. வேறு வழியில்லாமல்தான் நவம்பரில் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி உன் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். எக்ஸ்ரே அறை வாசலில் பத்துப் பேர் பார்க்க நீ என்னைக் கத்தி அனுப்பினாய். அதை மறக்கிற ரகம் நான் இல்லை. என் முதல் கையெழுத்துப் பிரதியை நாலு வருடம் வைத்திருந்து, ஒரு வரி பதில் எழுதாமல், மேலே டீ டம்ளர் வட்டத்தோடு திருப்பி அனுப்பிய பதிப்பாளரை மறந்தேனா? அவர் புண்ணியத்தில்தான் நானே அச்சடிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் "எழுதுங்கள், பேசுங்கள். யாராக இருந்தாலும் ஏழு நாளில் பதில் வரும்" என்று போடுவதும் அவரால்தான். கீழே வீட்டு முகவரியும் போன் நம்பரும். இதுவரை அந்த வாக்கில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

உனக்குத் தந்த வாக்கிலும் தவறவில்லை. அம்மா போன பிறகு நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அம்மா படுத்திருந்த ஏழு வருஷத்தை ஒரு நாள் எழுது அண்ணா. நான் இருந்தேன்னு எங்கயாவது இருக்கட்டும்." எழுதிவிட்டேன். பதினெட்டாம் அத்தியாயம் உன்னுடையது.

பிழை கண்ணில் பட்டால் சொல்ல வேண்டாம். அச்சாகிவிட்டது.

அண்ணன்

பி.கு. வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்திருக்கின்றன. நேற்று சுடுதண்ணீர் பட்டது. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.


பிப்ரவரி 2

அண்ணாவுக்கு,

புத்தகம் கிடைத்தது. உனக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை "வணக்கம், எழுத்தாளர் பேசுகிறேன், சொல்லுங்கள்" என்றாய். வைத்துவிட்டேன். மறுபடி போட்டு "நான்தான்" என்றேன். "எந்த ஊர்லேருந்து பேசுறீங்க?" என்று கேட்டாய். இனி எழுதுவதுதான் மரியாதை என்று தோன்றியது.

பதினெட்டாம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். என் ஏழு வருடத்துக்கு நீ கொடுக்கிற இடம் இவ்வளவுதான் என்றால் சரி. சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. இனிமேல் எனக்குப் புத்தகம் அனுப்ப வேண்டாம்.

முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு எழுதாதே. அங்கேதான் நரம்பு நசுங்கும். யாராவது நரம்பு டாக்டரிடம் காட்டு.

தங்கச்சி


பிப்ரவரி 10

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. ஏழு நாள் விதி உனக்கும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

அந்த அத்தியாயத்தில் என்ன குறை கண்டாய் என்று எனக்குப் புரியவில்லை. நடந்ததைத்தான் எழுதினேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. உன்னைத் தெய்வமாக்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாயோ என்னவோ. அது எனக்கு வராது. புகழ்ச்சி வேண்டுமென்றால் என் வாசகர்களைக் கேள், வண்டி வண்டியாகத் தருவார்கள். ஒருவர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். "தாய் நோயில் விழுந்ததோடு ஓர் அத்தியாயத்தை முடித்து, அடுத்ததை ஏழு வருடம் கழித்துத் தொடங்கினீர்களே, அந்த மௌனத்தில் நான் அழுதேன்" என்கிறார். எந்த மௌனத்தைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. அரைத் தூக்கத்தில் படித்திருப்பார். நன்றி சொல்லி ஒன்றரைப் பக்கம் பதில் போட்டேன்.

என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். காலையில் முகவரிச் சீட்டு ஒட்டுவேன். ஒவ்வொரு புத்தகத்திலும் வாங்குகிறவர் பெயர் போட்டு இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடுவேன். அதுவும் என் வழக்கம், அதையும் யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு கூரியர். மதியம் கடிதங்கள். நடுவில் போன். சாப்பிடும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மென்றுகொண்டே கேட்கலாம். பாதிப் பேர் என் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்காரர், மருமகள், முழங்கால் வலி என்று போகும். நானும் "ம்" கொட்டுவேன்.

போன வாரம் ஒரு தம்பதி நேரிலேயே வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லை, பெட்டிமேல் உட்கார்ந்தார்கள். அவர் எழுதிய நாவலை நான் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். அறுநூறு பக்கம். அந்த அம்மா பாதியில் கணவரைப் பார்த்து, "பாவங்க, அவர் கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குறாரு, வாங்க போலாம்" என்றார். உண்மையில் நான் தூங்கவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கூரியர் அலுவலகப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "சார், இந்த ஆறு பார்சல்லயும் அனுப்புறவர், வாங்குறவர் ரெண்டு பேரும் நீங்களேதான். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கிறீங்களா?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. திரும்ப எழுதினேன். மறுநாள் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். திறந்து, "ஏழு நாளில் பதில் வரும்" என்றேன். அவர் சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டாவது புத்தகத்துக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. காகிதம் மேசையில் இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணாவுக்கு,

மௌனமாம். உன் வாசகர் தூங்கவில்லை. புத்தகத்தைத் திற. உன் கையாலேயே திற. பக்கம் 203. பதினேழாம் அத்தியாயத்தின் கடைசி வரியில் அம்மா குளியலறையில் விழுகிறாள். பக்கத்தைத் திருப்பு. 204, பதினெட்டு. "ஏழு வருடங்களுக்குப் பின்" என்று ஆரம்பிக்கிறது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆகி வீட்டுக்காரரோடு சண்டை. முழு அத்தியாயமும் மோட்டார்தான். அந்த வீட்டில் தங்கச்சி என்று ஒரு ஆளே இல்லை. ஏழு வருடம் அம்மா தானாகவே குளித்திருக்கிறாள், தானாகவே புரண்டு படுத்திருக்கிறாள், படுக்கைத் துணியைத் தானே துவைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

"பதினெட்டாம் அத்தியாயம் உன்னுடையது" என்று எழுதி அனுப்பிவிட்டு மோட்டாரைக் கொடுத்தாய். ஆஸ்பத்திரியில் கத்தினதுக்குப் பழி வாங்கிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். கத்தினதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் யாரும் திறக்கக் கூடாது. டீன் வந்தாலும் திறக்கக் கூடாது. நீ திறந்தாய். உள்ளே ஒரு வயதானவர் மேசைமேல் படுத்திருந்தார். "அண்ணா, வெளிய உக்காரு, அரை மணி நேரத்துல வரேன்" என்றும் சொன்னேன். அது உன் காதில் விழவில்லை. நான் வெளியே வந்தபோது பெஞ்சில் நீ இல்லை.

என் சட்டையில் ஒரு சின்ன அட்டை குத்தியிருக்கும், பார்த்திருப்பாய். என் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அனுப்புவோம். அளவு மீறினால் அந்த அறைக்குள் என்னை விட மாட்டார்கள். நான் நல்லவளா, எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், யாருடைய அவசரம் என்றெல்லாம் அந்த அட்டை கேட்காது. வேலைக்குச் சேர்ந்த அன்று அதைக் குத்திக்கொண்டு கழிவறைக்குப் போய் அழுதேன். அம்மாவோடு இருந்த ஏழு வருடத்தில் யாரும் எனக்கு அப்படி ஒன்றைக் குத்திவிடவில்லை.

ஞாயிறு மட்டும், பன்னிரண்டு பக்கம் என்பது அதுதான். உன்மேல் கோபம் இல்லை. வாரத்தில் ஆறு நாள் படம் எடுக்கிறேன். ஏழாம் நாள் கண் பன்னிரண்டு பக்கம்தான் தாங்கும்.

தங்கச்சி


மார்ச் 3

தங்கச்சிக்கு,

திறந்து பார்த்தேன். 203, 204. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மோட்டார்தான்.

நடந்தது இது. அக்டோபரில் நீ ஞாயிறு விதியைச் சொன்னதும், உன் அத்தியாயத்தையாவது உன்னிடம் முதலில் காட்டிவிடலாம் என்று நாவலிலிருந்து அதை வெட்டித் தனிக் கோப்பாக வைத்தேன். "தங்கச்சி பார்க்க" என்று பெயர் போட்டேன். அதன் பிறகு ஆஸ்பத்திரி விவகாரம். வீம்பில் அனுப்பவில்லை. டிசம்பரில் அச்சகத்துக்குக் கொடுக்கும்போது திருப்பிச் சேர்க்க மறந்துவிட்டேன். அத்தியாய எண்களைக் கம்ப்யூட்டர் தானாகப் போட்டுக்கொள்ளும். ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிற பஸ் சீட் மாதிரி. காலியிடம் தெரியவில்லை. மெய்ப்பை நாலு நாளில் பார்த்தேன். பார்த்தேன் என்றால் பக்கங்களைப் புரட்டினேன்.

பழி வாங்கவில்லை. பழி வாங்கத் தெம்பு வேண்டும்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். நூற்று முப்பத்தெட்டுப் பேர் எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பதில் போட்டிருக்கிறேன். "அந்த ஏழு வருடம் அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இவர்களுக்காகத்தான் தரையில் படுக்கிறேன். அவமானம் வரும் என்று நாள் முழுக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லைப் பிடுங்கும்போது டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி.

ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். எனக்கு எரியாது என்று நினைத்தேன்.

இதைச் சரிசெய்துவிடுகிறேன். விட்டுப்போன அத்தியாயத்தைச் சிறு புத்தகமாக அச்சடித்து, ஒரு மன்னிப்புக் கடிதமும் வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பப் போகிறேன். அச்சகத்தில் பேசிவிட்டேன். கடிதத்தை ஒவ்வொருவருக்கும் கையால் எழுதுவதாக இருக்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது எழுதினால் இரண்டு வாரம்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

செய்யாதே.

இரண்டு விரல் மரத்த கையால் நானூறு கடிதம் எழுதுவாய். அடுத்து மூன்றாவது விரலும் போகும். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு "உனக்காகத்தான் பண்ணேன்" என்று சொல்லிக் காட்டுவாய். பதிப்பாளரின் டம்ளர் வட்டத்துக்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதி வைப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? எனக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

அடுத்த பதிப்பு வந்தால் அதில் சேர். வராவிட்டால் போகட்டும். நானூறு பேருக்கு நான் இருந்தது தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீ எழுதிவிட்டாய் என்கிறாய். நான் இன்னும் பார்க்கவில்லை. என்னிடம் அனுப்பு. நான் படிக்கிறேன்.

கடைசிப் பக்கத்தை எடுத்துவிடு. ஏழு நாளில் பதில் என்று உன்னிடம் யார் கேட்டார்கள்? ஒருத்தர் உனக்குப் பதில் போடவில்லை என்று ஊருக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருக்கிறாய். பதிப்பாளர் அதைப் பார்த்துக்கொண்டா இருக்கிறார்? அவர் அடுத்த டீ குடிக்கப் போய்விட்டார்.

போனை அணைத்துவிட்டுச் சாப்பிடு. எங்கள் நரம்பு டாக்டரிடம் 19ஆம் தேதி நேரம் வாங்கியிருக்கிறேன். காலை பதினொன்றுக்கு வா. என் அறை வாசலில் பெஞ்ச் இருக்கிறது.

தங்கச்சி


மார்ச் 28

தங்கச்சிக்கு,

அன்றைக்குப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு பதினாலு தடவை எரிந்து அணைந்தது. நீ வெளியே வந்து "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாய். அதற்கு மேல் நாம் இருவரும் எதுவும் பேசாதது நல்லதாகப் போயிற்று. டாக்டர் சொன்னபடி முழங்கைக்குப் பட்டை போட்டிருக்கிறேன். மூன்று மாதம் ஆகுமாம். உணர்வு திரும்பினாலும் திரும்பலாம் என்றார். நிச்சயம் என்று சொல்லாத மனிதர். பிடித்தது.

வாசகர்களுக்கு ஒரு அட்டை அடித்தேன். முதலில் எழுதியது மூன்று பக்கம். என் உடல்நிலை, என் வறட்சி, இலக்கியத்தின் நிலை, எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித் திட்டியிருந்தேன். கிழித்துவிட்டு இரண்டு வரி எழுதினேன். "உங்கள் கடிதங்களைப் படிப்பேன். இனிப் பதில் எழுத இயலாது." மன்னிக்கவும் என்று போடவில்லை. போட ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

மூன்று பேர் புத்தகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். ஆறு பக்கம் எழுதிய மௌனப் பிரியர் ஒரே வரியில் "உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது" என்று எழுதினார். பதில் எழுதப் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். ஒருவேளை அந்தப் பதிப்பாளர் மேசையிலும் நூற்று முப்பத்தெட்டுக் கட்டு இருந்திருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு டம்ளர் வட்டம் ஞாபகம் வந்தது. இல்லை, அவர் அயோக்கியர்தான். அதில் மாற்றமில்லை.

போன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை வெளியே எடுப்பேன். சாப்பாட்டு நேரத்தில் வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. நிம்மதி என்று சொல்ல மாட்டேன். மென்று விழுங்குகிற சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். எழுத வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. கட்டிலில் பாதி காலியாகியிருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கலாம்.

உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஞாயிற்றுக்கிழமைத் தேதி. எனக்கு எழுதுவதும் அந்தப் பன்னிரண்டில்தான் சேருகிறதா என்று தெரியாது. சேரும் என்றால் அதற்குத் தகுந்த மாதிரி குறைத்துக்கொள்.

அத்தியாயம் மொத்தம் பதினாலு பக்கம். இத்துடன் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். மீதி இரண்டு என்னிடம் இருக்கிறது.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

பன்னிரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். வழக்கம்போல் ஓரத்தில் பென்சிலில் குறித்திருக்கிறேன். எழுத்துப் பிழை ஆறு. பக்கம் மூன்றில் அம்மாவை இடது பக்கமாகப் புரட்டுவதாக எழுதியிருக்கிறாய். வலது பக்கம். இடது தோளைத் தொட்டால் கத்துவாள். பக்கம் ஐந்தில் மருந்து அலமாரி நீல நிறம் என்கிறாய். பச்சை. நீ விடுமுறைக்கு வரும்போது மட்டும் பார்த்தவன், அதனால் பரவாயில்லை. அவளுக்கு நகம் வெட்டும்போது நான் பாட்டு முணுமுணுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாய் போல. எனக்கே மறந்துபோனது. அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

பக்கம் ஒன்பது, நாலாவது வரி. "அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தங்கை தானாகவே கல்லூரியை விட்டாள்" என்று இருக்கிறது. அதன் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

நானாக விடவில்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தோம். உனக்கு எம்.ஏ. இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தது. "ரெண்டு பேரும் படிச்சா அம்மாவ யாரு பாக்குறது? ஒருத்தர் படிச்சா போதும்" என்று நீ சொன்னாய். நான் அடுப்பை அணைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. இருபத்து மூன்று வருடமாக நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எழுத்துப் பிழையை நான் திருத்துவேன். இது மெய்ப்புப் பார்க்கிறவள் வேலை இல்லை. எழுதினவன் வேலை.

மீதி இரண்டு பக்கத்தை அனுப்பு. 13ஆம் தேதி ஞாயிறு எனக்கு டியூட்டி. 20ஆம் தேதி பார்க்கிறேன். கடிதம் எழுதுவது பன்னிரண்டில் சேராது.

தங்கச்சி


ஏப்ரல் 11

தங்கச்சிக்கு,

ஞாபகம் இருக்கிறது. அடுப்பை நீ அணைத்தது மட்டும் மறந்திருந்தது.

மூன்று நாள் வேறு எதுவும் செய்யவில்லை. இந்த வருடம் நான் எழுதிய முதல் வரி இது. பக்கம் ஒன்பது, நாலாவது வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஒருத்தர் படிச்சா போதும் என்று நான் சொன்னேன். தங்கை அடுப்பை அணைத்தாள்."

இரண்டு பக்கமும் இத்துடன் இருக்கின்றன. அவசரம் இல்லை. இருபதாம் தேதி பார்.

அண்ணன்